தையற்பெட்டியிலிருந்து பிறக்கும் கைவினை: ஐந்தில் எதைத் தேர்வது?

தையல் சார்ந்த உருவங்களை வைத்துக் கையால் ஒரு பொருள் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றில் நின்றுதான் கேள்வி கேட்கிறார்கள். சிலருடைய கையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற பொத்தான் டப்பா இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பதும் மூடி வைப்பதுமாகவே ஆண்டுகள் ஓடிவிட்டன. சிலருக்குத் தையல் பழகத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கடையில் கிடைக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. இன்னும் சிலருக்குத் தனிக் காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. கத்தரிக்கோலின் வளைவும், மரக்கட்டையில் சுற்றிய நூலும், அளவுநாடாவின் எண்களும், தையற்கூடத்தில் உடையை மாட்டிப் பார்க்கும் டம்மி உருவத்தின் இடுப்பு வளைவும் அவர்களுக்குப் பிடித்திருக்கின்றன. மூவரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் எதைச் செய்வது?

இந்தக் கட்டுரையில் ஐந்து பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாழ்த்து அட்டை, ஊசிகளைக் குத்தி வைக்கும் ஃபெல்ட் துணிப் பக்கங்கள் கொண்ட ஊசிப் புத்தகம், ஊசி மெத்தை, எம்பிராய்டரி வளையத்தில் தைத்த படம், பழைய பொருள்களை உள்ளே பொருத்திய ஆழமான கண்ணாடிச் சட்டகம் ஆகியவையே அவை. ஐந்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளையாவது கெடுத்த பிறகே சரியான முறையைக் கற்றேன் என்பதால், அழகைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, எங்கே கெடும் என்பதைப் பற்றி அதிகமாகப் பேசப்போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எது அழகாக இருக்கும் என்ற கேள்வியோடு தொடங்கினால் முடிவு கிடைக்காது, ஏனென்றால் பொறுமையாகச் செய்தால் ஐந்துமே அழகாக வரும். செய்து முடித்த பிறகு அந்தப் பொருள் என்ன வேலை செய்யப்போகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒருமுறை கைமாறிப் படிக்கப்படுமா, நாள்தோறும் கையாளப்படுமா, சுவரில் தொங்கிப் பார்க்கப்படுமா என்பதைப் பொறுத்து, எந்தத் துணி, எந்தப் பசை, எந்தத் தையல் என்பதெல்லாம் மாறுகிறது.

இரண்டாவது அளவுகோலை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்: பயன்படுத்திய பழைய பொருளை மீண்டும் எடுக்க முடியுமா? நூலால் கட்டிய பொத்தானை நூலை வெட்டினால் திரும்பப் பெறலாம். பசையில் ஒட்டிய பொத்தானைப் பெயர்க்கும்போது பின்புறம் சிதையும். ஐம்பது பொத்தான்கள் ஒரே மாதிரி இருந்தால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய சட்டையிலிருந்து எடுத்து வைத்த ஒரே ஒரு பொத்தான் என்றால், அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட எப்படிப் பொருத்துகிறோம் என்பதே பெரிய முடிவு.

மூன்றாவது, நேரமும் கைத்திறனும். நான்காவது, மறைந்திருக்கும் செலவு: வீட்டில் இருப்பதை வைத்தே செய்துவிடலாம் என்று தொடங்கி, பாதியில் ஒரு கருவியோ தனி வகைத் துணியோ இல்லாமல் வேலை நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஐந்தாவது, வயது. இரும்பு துருப்பிடிக்கும், சாயம் வெளிறும், பசை இளகும், காகிதம் பழுப்பேறும். இவற்றில் எது உங்கள் பொருளுக்கு முதலில் நேரும் என்று தெரிந்திருந்தால் பாதிக் கேட்டைத் தவிர்த்துவிடலாம்.

| அளவுகோல் | வாழ்த்து அட்டை | ஊசிப் புத்தகம் | ஊசி மெத்தை | எம்பிராய்டரி வளையம் | கண்ணாடிச் சட்டகம் |
|---|---|---|---|---|---|
| முதல் முறை செய்ய ஆகும் நேரம் | 1 முதல் 2 மணி | 4 முதல் 5 மணி | சுமார் 3 மணி | 20 மணி வரை, சில வேளை அதற்கும் மேல் | தைக்க 3 மணி. அடுக்கிப் பார்க்கச் சில நாள்கள் |
| தேவையான தையல் அறிவு | ஓட்டுத் தையல் போதும் | பிளாங்கெட் தையல், பொத்தான் தைத்தல் | சுருக்கு இழுத்தல், மறைத்துத் தைத்தல் | குறுக்குத் தையல் அல்லது காம்புத் தையல் | பொத்தான் தைத்தல் |
| மறைந்த செலவு | கெட்டித் தாள், துளையிடும் ஊசி | கம்பளி ஃபெல்ட் | நிரப்பும் பொருள் | துணி, பல நிற நூல், நேரம் | ஆழமான சட்டகம், அட்டைப் பலகை |
| பழைய பொருளை மீட்பது | கடினம் | எளிது | எளிது | பொருந்தாது | தைத்தால் எளிது, ஒட்டினால் அரிது |
| முதலில் வரும் கேடு | தாள் கிழிதல் | ஓரம் தேய்தல் | ஊசியில் துரு | சாயம் வெளிறுதல் | பசை விடுதல், உலோகம் அரித்தல் |

## வாழ்த்து அட்டை

குறைந்த நேரத்தில், குறைந்த பொருளில், தையலின் முகத்தைக் காட்டிவிடக்கூடியது அட்டைதான். ஏ5 அளவுத் தாளை நடுவில் மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் கொண்ட ஏ6 அட்டை கிடைக்கும். தாளின் கனம் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) வரை இருந்தால் நூலின் இழுவையைத் தாங்கும். சாதாரண அச்சுத்தாள் தாங்காது.

அட்டையில் தைக்கும்போது ஊசியால் நேரடியாகக் குத்தித் தைப்பதை விட்டு, முதலில் துளைகளை எல்லாம் இட்டுவிட்டுப் பிறகு நூலைக் கோக்க வேண்டும். துளைகளுக்கிடையே குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. என்னுடைய முதல் அட்டையில் ஒரு சட்டையின் வெளிக்கோட்டைத் துணியில் தைப்பதுபோல நெருக்கமாகத் தைத்தேன். கடைசித் தையலை இழுத்தபோது, தபால்தலைத் தாளைக் கிழிப்பதுபோல அந்தச் சட்டை முழுவதுமாகத் தாளிலிருந்து பிரிந்து வந்தது. இயந்திரத்தில் தைப்பவர்களும் தையல் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் பின்னோக்கித் தைக்காமல், நூல் முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சிட வேண்டும். தாள் ஊசியை மழுக்கிவிடும் என்பதால், காகிதத்திற்கென்று ஒரு பழைய ஊசியைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

உருவத்திற்கு எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. துணியின் மேல் வைத்து வெட்டுவதற்காக, பேப்பர் கட்டிங் என்று தையற்கலைஞர்கள் சொல்லும் மாதிரித்தாளே தையலின் மிக அழகான வரைபடம். எபினேசர் பட்டெரிக் என்ற அமெரிக்கத் தையற்கலைஞர் அளவுவாரியாகப் பிரித்த காகித மாதிரிகளை 1863இல் விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்து மெல்லிய தாள் மாதிரிகளில் அச்சிட்ட கோடுகள் கிடையாது. எந்த இடத்தில் மடிப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதைத் துளைகளும் வெட்டுக்குறிகளுமே சொல்லின. ஒரு சட்டைக் கைப்பகுதியின் வடிவத்தை அட்டையில் துளைகளால் மட்டுமே குறித்து, அதில் ஒரே ஒரு நிற நூலை ஓட்டுத் தையலாக விட்டால், பார்க்கிறவருக்கு அது படமாகவும் தெரியும், தைக்கத் தெரிந்தவருக்கு அது சட்டைக் கையாகவும் தெரியும். மாதிரித்தாளையே அட்டையின் பின்னணியாக ஒட்ட விரும்பினால், நீர்ப்பசையைத் தவிர்த்துக் குச்சிப்பசையைப் பயன்படுத்துங்கள். ஈரம் பட்டால் அந்த மெல்லிய தாள் நொடியில் சுருங்கும். ஒட்டுவதற்கு முன், தண்ணீர் தெளிக்காமல் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் பழைய மடிப்புகள் போய்விடும்.

அட்டையின் மறைந்த குறை அதன் தடிமன். உண்மையான பொத்தான் வைத்த அட்டை உறைக்குள் மேடாக நிற்கும், தபாலில் போனால் உறையைக் கிழிக்கும், பக்கத்துத் தாளில் வட்டத் தழும்பையும் பதிக்கும். கையில் நேராகக் கொடுப்பதானால் பொத்தான் வைக்கலாம். அனுப்புவதானால் தாளில் வட்டம் வெட்டி, நான்கு துளையிட்டு, நூலால் தைத்த தாள்பொத்தானே போதும். மேலும், அட்டையைப் படித்தவர் அதை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பது நம் கையில் இல்லை. அதனால் திரும்பக் கிடைக்காத எதையும் அட்டையில் வைக்காதீர்கள். ஒரே மாலையில் முடிக்க வேண்டும், பலருக்குக் கொடுக்க வேண்டும், குழந்தைகளும் உடன் அமர்ந்து செய்ய வேண்டும் என்றால் அட்டைக்கு இணை வேறில்லை.

## ஊசிப் புத்தகம்

தையல் பழகுகிறவருக்குக் கொடுப்பதற்கு ஐந்தில் எதைச் செய்வது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதையே சொல்வேன். தையலின் உருவத்தை மேலே தாங்கியிருக்கிறது, தையலின் வேலையை உள்ளே செய்கிறது. இரண்டு ஃபெல்ட் பக்கங்களும் ஒரு மேலட்டையும் ஒரு பொத்தானும் சேர்ந்தால் புத்தகம் தயார்.

ஃபெல்ட் துணிக்கு நெசவில்லை. இழைகளை அழுத்திப் பிணைத்துச் செய்வதால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கும் வேலையே இல்லாமல் போகிறது. தையல் பழகாத கைக்கும் இது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஃபெல்டில் இரண்டு வகை உண்டு. செயற்கை இழை ஃபெல்ட் எளிதில் கிடைக்கும், பல நிறங்களில் இருக்கும். ஊசியை நூறு முறை குத்தி எடுத்த பிறகு அதில் சிறு உருண்டைகள் எழும்பும், துளைகள் தளரும், ஊசிகள் தாமே வழுக்கி விழத் தொடங்கும். கம்பளி ஃபெல்ட் ஊசியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், துளையும் ஓரளவு மூடிக்கொள்ளும். நான் கண்ட நடுவழி இது: மேலட்டைக்குச் செயற்கை ஃபெல்டோ பருத்தித் துணியோ வைத்துக்கொண்டு, உள்பக்கங்களுக்கு மட்டும் கம்பளி ஃபெல்ட் வாங்குவது. செலவும் அடங்கும், வேலையும் கெடாது.

அளவைப் பொறுத்தவரை, மேலட்டைக்கு 18 × 11 சென்டிமீட்டரும் உள்பக்கங்களுக்கு 16 × 9 சென்டிமீட்டரும் எடுத்துக்கொண்டால் கைக்கு அடக்கமாக வரும். மேலட்டையின் சுற்றளவு 58 சென்டிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று, ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பிளாங்கெட் தையல் போட்டால் ஏறக்குறைய 145 தையல்கள் வரும். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. இருபதாவது தையலுக்குப் பிறகு கை தானாக அளவைப் பிடித்துக்கொள்ளும், அந்தச் சீரான நடை மனத்துக்கும் இதமாக இருக்கும். தையலின் ஆழம் மாறாமலிருக்க, ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே சாக்கட்டியால் மெல்லிய கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

முகப்பில் என்ன வைப்பது? டம்மியின் வெளிக்கோட்டைச் சங்கிலித் தையலில் போடலாம். ஆனால் என் விருப்பம் அளவுநாடாதான். வழக்கமான தையல் நாடா 150 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அதில் 11 சென்டிமீட்டரை வெட்டி முதுகெலும்பாகத் தைத்தால், புத்தகத்தின் உயரத்தை அதுவே அளந்து காட்டும். நல்ல நாடாவை வெட்டலாமா என்ற தயக்கம் வந்தால், முதலில் அதை எஃகு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் புழங்கிய நாடா நீண்டு, பொய்யான அளவைக் காட்டத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட நாடாவை அளப்பதற்கு வைத்திருப்பதே தவறு. கைவினைக்குக் கொடுப்பதுதான் அதற்கு ஏற்ற இடம்.

பழைய பொத்தான் இருந்தால் அதைப் புத்தகத்தின் பூட்டாக வையுங்கள். நூலால் தைக்கப்படுவதால் என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். மேலும், ஒரு காலத்தில் எந்த வேலையைச் செய்ததோ அதே வேலையை, அதாவது மூடித் திறப்பதை, அந்தப் பொத்தான் இங்கேயும் செய்கிறது. என் பார்வையில், ஒரு பழைய பொத்தானுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை இது. அளவு தேர்ந்தெடுக்கும்போது பொத்தான் கடைக்காரர்கள் சொல்லும் லைன் கணக்கு உதவும்: 40 லைன் என்றால் ஓர் அங்குலக் குறுக்களவு. சட்டைப் பொத்தான் 18 லைன், அதாவது பதினொன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். புத்தகத்தின் பூட்டுக்கு அது சிறிது. 24 லைன் முதல் 32 லைன் வரை, அதாவது 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை உள்ளது விரலுக்கு வாகாக இருக்கும்.

பக்கங்களில் ஊசி எண்களைத் தைத்துக் கொடுத்தால் பரிசு இன்னும் பயனுள்ளதாகும். கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பது புதிதாகப் பழகுகிறவர்களைக் குழப்பும்; பக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்தக் குழப்பம் தீரும். அழகுக்காக மட்டும் ஒன்று வேண்டும், பெறுகிறவர் ஊசியையே தொடாதவர் என்றால் மட்டும் இதைத் தவிர்க்கலாம்.

## ஊசி மெத்தை

வெளியே பார்க்க எளிமையானது. ஆனால் இதில் நல்லதும் கெட்டதும் உள்ளே நிரப்பும் பொருளைப் பொறுத்தே அமைகிறது. தக்காளி வடிவ மெத்தையும், அதிலிருந்து தொங்கும் சிறு ஸ்ட்ராபெரி வடிவமும் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. அந்தச் சிறு பழம் அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது எமரி எனப்படும் கடினமான கல்லின் பொடி. ஊசியை அதில் சில முறை குத்தி எடுத்தால் லேசான துருவும் பிசுக்கும் நீங்கி முனை வழவழப்பாகும்.

பாலியஸ்டர் பஞ்சு எளிதில் கிடைத்தாலும் மிக இலேசானது. ஊசி குத்தும்போதெல்லாம் மெத்தை நகரும், மெல்லிய ஊசிகள் உள்ளே மூழ்கிக் காணாமல் போகும். கம்பளி நிரப்பினால் ஊசி சுகமாக இறங்கும். பொடித்த வால்நட் ஓடு நல்ல கனம் தரும், ஆனால் பெறுகிறவருக்குக் கொட்டை வகை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரிசி போன்ற தானியங்கள் ஈரத்தையும் பூச்சியையும் அழைக்கும். மணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடற்கரையில் எடுத்த மணலைக் காயவைத்து நான் ஒருமுறை நிரப்பினேன். கழுவாத மணலில் இருந்த உப்பு சில மாதங்களிலேயே அத்தனை குண்டூசிகளையும் பழுப்பாக்கிவிட்டது. எதைப் பொடியாக நிரப்பினாலும், நெருக்கமாக நெய்த துணியில் ஓர் உள்ளுறை தைத்து அதற்குள் நிரப்ப வேண்டும்.

தக்காளி வடிவத்துக்கு, அகலத்தைப் போல் இருமடங்கு நீளமுள்ள துணியை எடுத்து, குட்டைப் பக்கங்களை இணைத்துக் குழாயாக்கி, இரு வாய்களையும் சுருக்கு இழுத்து மூடி, நடுவில் பொத்தான் வைத்துக் கெட்டி நூலால் ஆறு அல்லது எட்டுப் பிரிவாக இறுக்கினால் போதும். மெத்தையின் உயரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குண்டூசியின் முனை அடியில் எட்டிப் பார்த்து மேசையையோ கையையோ கீறும். டம்மி வடிவிலேயே ஒரு மெத்தை செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கு வரும். சிறிய அளவில் மார்பு, இடுப்பு வளைவுகளைத் தைத்துத் திருப்புவது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே சுருக்கமில்லாமல் வரும். முதல் முயற்சியாக அதை எடுக்க வேண்டாம்.

பெறுகிறவர் குண்டூசி அதிகம் பயன்படுத்துகிறவராக, இயந்திரத்தில் தைக்கிறவராக இருந்தால் மெத்தை நல்லது. கைத்தையல் ஊசிகளை அதிகம் புழங்குகிறவருக்கு ஊசிப் புத்தகமே மேல், ஏனென்றால் தலையில்லாத ஊசி மெத்தைக்குள் முழுவதுமாக இறங்கிவிடும், பிறகு யாரோ ஒருவர் மெத்தையை அழுத்தும்போதுதான் வெளியே வரும்.

## எம்பிராய்டரி வளையம்

ஐந்தில் அதிக நேரம் கேட்பது இது. குறுக்குத் தையலுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், 14 கட்டம் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 தையல்கள். 70 தையல் அகலமுள்ள வட்டமான படம் சரியாக 5 அங்குலம் வரும். அதன் கட்டங்களில் பாதியை நிரப்பினாலே ஏறக்குறைய 1,900 குறுக்குத் தையல்கள். மணிக்கு நூறு தையல் போடுகிற புதியவருக்கு இது 19 மணி நேர வேலை. அடுத்த வாரப் பிறந்தநாளுக்கு என்று இதைத் தொடங்கி, முடிக்காத துணியைக் கொடுக்கும் நிலைக்கு வருகிறவர்கள் அநேகம்.

இன்னொரு கணக்கும் ஏமாற்றும். 5 அங்குல வட்டப் படம் 6 அங்குல வளையத்தில் அடங்கும். அதே 5 அங்குலம் சதுரப் படமாக இருந்தால் அதன் மூலைவிட்டம் 7 அங்குலத்தைத் தாண்டிவிடும். 8 அங்குல வளையம் வேண்டும். துணி வெட்டுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

எந்த உருவத்தை எந்தத் தையலில் போடுவது என்பது முக்கியம். குறுக்குத் தையல் கட்டங்களில் நடப்பதால் வளைந்த கோடுகள் படிக்கட்டுபோலத் தெரியும். அளவுநாடா, நூற்கட்டை, இயந்திரத்தின் உடல் போன்ற நேர்கோட்டு உருவங்கள் அதில் அழகாக வரும். டம்மியின் வளைவு, கத்தரிக்கோலின் கைப்பிடி, காற்றில் நெளியும் நூல் ஆகியவற்றுக்குச் சாதாரணப் பருத்தித் துணியில் காம்புத் தையலோ பின்தையலோ பொருத்தம்; நேரமும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். புதியவர்களுக்கு நான் இந்தக் கோட்டோவியத்தையே பரிந்துரைப்பேன். வழக்கமான எம்பிராய்டரி நூற்கண்டு ஒன்றில் ஆறு இழைகள், 8 மீட்டர் நீளம் இருக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். கோட்டோவியம் முழுவதற்கும் நிறத்துக்கு ஒரு கண்டு தாராளமாகப் போதும்.

வரைய உதவும் பேனாவில் கவனம் தேவை. தண்ணீரில் கரையும் மையைக் கழுவாமல் இஸ்திரி போட்டால் கறை துணியில் நிலைத்துவிடும். சூட்டில் மறையும் மை, குளிரில் மீண்டும் தலைகாட்டும். தைக்காத நேரங்களில் வளையத்தைக் கழற்றி வைத்தால் வட்டத் தடம் பதியாது. முடித்த பிறகு பின்துணியைச் சுருக்கு இழுத்து, ஃபெல்ட் வட்டம் ஒன்றால் மூடுங்கள்.

உங்களுக்குத் தைப்பதே இன்பம், முடிக்கும் தேதி எதுவும் இல்லை, பழைய பொருள்களை வெட்டவோ ஒட்டவோ மனமில்லை என்றால் வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். டப்பாவில் உள்ள எதையும் தொடாமல், அவற்றின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற ஒரே வழி இதுதான்.

## கண்ணாடிச் சட்டகம்

பெரியவர் ஒருவருடைய தையற்பெட்டி கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோல், விரலுறை, தையல் இயந்திரத்தின் அடிநூலைச் சுற்றும் பாபின், பாதி தீர்ந்த நூற்கட்டை, பொத்தான்கள் எல்லாவற்றையும் அழகாக அடுக்கிக் கண்ணாடிக்குள் வைத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஐந்தில் மிக அதிகமான கேடுகள் மறைந்திருப்பதும் இதில்தான், ஏனென்றால் இங்கே கெடுவது நாம் வாங்கிய பொருளல்ல, திரும்பக் கிடைக்காத பொருள்.

முதலில் பசை. சூடாக உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கி வேகமானது. ஆனால் அந்தப் பசை வெப்பத்தில் மீண்டும் இளகும். வெயில் படும் சுவரில் மாட்டிய சட்டகத்தில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விழுந்து அடியில் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்று எளிது: கெட்டியான அட்டைப் பலகையைப் பருத்தித் துணியால் போர்த்தி, பொத்தானின் துளைக்கு நேரே குத்தூசியால் இரண்டு துளையிட்டு, நூலால் தைத்துப் பின்னால் முடிச்சிடுங்கள். கத்தரிக்கோலைக் கைப்பிடிகளில் இரண்டு இடங்களிலும், அலகு திறக்காதபடி இன்னோர் இடத்திலும் கட்டுங்கள். ஒரு சொட்டுப் பசையும் தேவைப்படாது. பிறகு ஒருநாள் உங்கள் மகளோ பேரனோ அந்தக் கத்தரிக்கோலைக் கேட்டால் நூலை வெட்டிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, உள்ளே இருக்கும் பொருள்கள் ஒன்றையொன்று கெடுப்பது. இதைப் பற்றிக் கைவினைக் குறிப்புகளில் யாரும் பேசுவதில்லை. மிகப் பழைய பொத்தான்களில் சில செல்லுலாய்டு என்ற தொடக்க கால நெகிழியால் ஆனவை. அது சிதையும்போது வெளிவிடும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். மூடிய கண்ணாடிக்குள் அந்த வாயு வெளியேற வழியில்லை. சந்தேகமுள்ள பொத்தானை வெந்நீரில் ஒரு கணம் முக்கி எடுத்து முகர்ந்து பாருங்கள்; கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள், ஏனென்றால் செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். அத்தகைய பொத்தான்களைச் சட்டகத்துக்குள் வைக்காமல், காற்றோட்டமான காகித உறையில் தனியே வையுங்கள். முத்துச்சிப்பிப் பொத்தானுக்கும் இதைப் போன்ற ஆபத்து உண்டு: மூடிய மரப்பெட்டியில் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி சிப்பியின் மேல் வெண்பொடியைப் படியச் செய்யும். பின்பலகையில் இரண்டு சிறு துளைகள் விட்டுவைப்பது நல்லது. ரப்பர் நாடா, துருவேறிய ஊக்கு ஆகியவற்றுக்குச் சட்டகத்தில் இடமே கொடுக்காதீர்கள்.

சட்டகத்தின் ஆழத்தை அளக்காமல் வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே போகும் பொருள்களில் மிகத் தடிமனானதை அளந்து, அதற்கு மேல் அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி எதன்மீதும் படக் கூடாது. பெரும்பாலும் மரநூற்கட்டைதான் இந்த அளவைத் தீர்மானிக்கும். அடுக்கும் முறைக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை உண்டு: பலகையைக் கிடையாக வைத்து, பொருள்களை வைத்து, ஒரு புகைப்படம் எடுத்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். முதல் நாள் நிரம்பியிருப்பதாகத் தோன்றியது மூன்றாம் நாள் நெரிசலாகத் தெரியும். அப்போது மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடத் தோன்றும். அந்தத் தோன்றலை நம்புங்கள். நேரடி வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் சாயமிட்ட நூல் வெளிறிய பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.

உரியவருடைய கை பட்ட பொருள்கள் முழுமையாக இருக்கின்றன, அவற்றை இனி யாரும் பயன்படுத்தப்போவதில்லை, வீட்டார் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றால் சட்டகம் சரியான முடிவு. அந்தக் கத்தரிக்கோல் இன்னும் வெட்டுகிறது, வீட்டில் தைக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அதைக் கண்ணாடிக்குள் அடைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

## இரண்டைச் சேர்க்கலாமா

சேர்க்கலாம், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குத் தேவையாக இருக்க வேண்டும். டப்பாவில் மூன்று உடன்பிறந்தோருக்கும் உரிமையுள்ள பொத்தான்கள் இருந்தால், ஒரே சட்டகத்தைச் செய்து யார் வீட்டில் மாட்டுவது என்று தவிப்பதைவிட, மூன்று ஊசிப் புத்தகங்கள் செய்து ஆளுக்கொரு பொத்தானைப் பூட்டாக வைத்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு புத்தகத்தோடும் துளைத்தையல் போட்ட ஓர் அட்டையைச் சேர்த்து, அந்தப் பொத்தான் எந்த உடையிலிருந்து வந்தது, யார் அதைத் தைத்தார், எந்த ஆண்டு என்பதை அதில் எழுதி வையுங்கள். நினைவில் இருப்பவர் அருகில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.